பத்திரிகை வச்சாச்சா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, ஆனா நெசமாவே அதிகம். முகூர்த்த மாசம். ஒரே நாள்ல ஏழு கல்யாணம், ஏழு வீட்டுலயும் "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே"ன்னு நிக்கிறாங்க.

நான் என்ன பண்றேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு: கல்யாணப் பத்திரிகை பண்றேன். காகிதத்துல இல்லீங்க, போன்ல பார்க்குற பத்திரிகை. படம், வீடியோ, கேட்டா ஒரு சின்ன வலைப்பக்கம். திண்டுக்கல் நத்தம் ரோட்டுல, சிறுமலைப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னாடி, வீட்டு மாடியில ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ். மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். பேரைச் சொல்ல மாட்டேன், அப்புறம் விளம்பரம் பண்றான்னு ஆரம்பிச்சிடுவீங்க.

போன வாரம் சிறுமலையில இருந்து ஒரு மாமா போன் பண்ணி ஒரு ஆர்டர் குடுத்தார். இத்தனை வருஷத்துல எனக்கு வந்த ஆர்டர்லயே கஷ்டமானது அதுதான். அதைப் பத்தி எழுதலாம்னு உக்காந்தா, அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு. பொறுத்துக்குங்க.

2020 மார்ச். எங்க சித்தப்பாவுக்கு மணிக்கூண்டு பக்கம் ஒரு சின்ன அச்சகம். அச்சகம்னதும் பெரிய மெஷின் எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. சிவகாசியில இருந்து மேல் டிசைன் மட்டும் அடிச்ச வெத்துக் கார்டு கட்டுக்கட்டா வரும். கடையில சாம்பிள் ஆல்பம் இருக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து அரை நாள் உக்காந்து, புள்ளையார் வச்சதா, தாமரை வச்சதா, ரெண்டு மடிப்பா மூணு மடிப்பான்னு சண்டை போட்டு ஒரு நம்பரைச் சொல்லுவாங்க. உள்ளே இருக்குற விவரத்தை இங்கே அடிச்சுக் குடுக்குறது சித்தப்பா வேலை. முப்பது வருஷமா இதேதான்.

ஊருக்கெல்லாம் அடிச்சவர் தன் பொண்ணு கல்யாணத்துக்கும் அடிச்சார். வைகாசி முகூர்த்தம், 800 பத்திரிகை, ஆல்பத்துலயே விலை கூடின கார்டு. மார்ச் மூணாவது வாரம் கட்டுப் பிரிச்சு குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வச்சுட்டு வந்தாங்க. 24-ம் தேதி சாயங்காலம் தமிழ்நாட்டுல 144, அன்னைக்கு ராத்திரியே நாடு முழுக்க ஊரடங்கு. அந்த 800-ல ஒரு இருபது வீட்டுக்குப் போயிருந்தா அதிகம். மிச்சமெல்லாம் பின்னாடி என்ன ஆச்சுன்னா, வெள்ளைப் பக்கத்துல சித்தி பால் கணக்கு எழுதினாங்க. இன்னமும் எழுதுறாங்க.

அப்புறம் மே மாசம் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு வந்துச்சு. தேதியை ஆனிக்கு, அதாவது ஜூலை முதல் வாரத்துக்குத் தள்ளி வச்சாங்க. மறுபடி பத்திரிகை அடிக்க சித்தப்பாவுக்கு மனசில்லை. நான் அப்போ பெங்களூர்ல இருந்து மூட்டையைக் கட்டிட்டு வந்து வீட்டுல உக்காந்திருந்தேன் (கம்பெனி மே மாசமே "ஆல் தி பெஸ்ட்" சொல்லி அனுப்பிடுச்சு, அது தனிப் பதிவு). "ஏன்டா, கம்ப்யூட்டர்ல தானே இத்தனை வருஷம் இருந்த, போன்ல அனுப்புற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்"னார்.

பண்ணினேன். மஞ்சள் பின்னணி, ஓரத்துல மாவிலை, நடுவுல பேர்கள். இன்னைக்கு அதைப் பார்த்தா எனக்கே சிரிப்பு வருது. ஆனா அந்தப் படம்தான் எங்க அத்தையைத் திருப்பூர்ல இருந்து திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்துச்சு. ஞாபகம் இருக்கா, மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ்? கல்யாணம், சாவு, அவசர வைத்தியம்னாதான் குடுத்தாங்க. கல்யாணம்னா பத்திரிகையை ஏத்தணும். அத்தை நான் பண்ணின படத்தை ஏத்தினாங்க, பாஸ் வந்துடுச்சு. ஒரு கல்யாணப் பத்திரிகை பாஸ்போர்ட் வேலை பார்த்த காலம் அது.

(இதுல ஒரு உபகதை. யாரோ ஒருத்தர் நம்பர் புடிச்சு, "சார், சும்மா ஒரு பத்திரிகை பண்ணிக் குடுங்க, ஊருக்குப் போகணும், மாப்பிள்ளை பொண்ணு பேரு நீங்களே போட்டுக்குங்க"ன்னு கேட்டார். ஆயிரம் ரூபாய் தர்றேன்னார். கையில காசில்லாத நேரம். இருந்தாலும் மாட்டேன்னுட்டேன். நல்லவன்னு இல்லைங்க, பயம். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள்ள இ-பாஸே வேண்டாம்னுட்டாங்க.)

அந்தக் கல்யாணத்துல நாலு பேர் "பத்திரிகை யார் பண்ணது?"ன்னு கேட்டதும் தலைக்கு ஏறிடுச்சு. இதையே தொழிலா பண்ணுவோம்னு முடிவு. செட்டில்மென்ட்டா வந்த பணத்துல பாதியைப் போட்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். உத்யம் பதிவுன்னு அந்த ஜூலைலதான் புதுசா வந்திருந்துச்சு. அரசாங்கத் தளத்துல காசே இல்லாம நாமளே பண்ணிக்கலாம். அது தெரியாம ஒரு பிரவுசிங் சென்டர்ல 1500 ரூபாய் குடுத்துப் பண்ணிட்டு வந்தேன். ஐ.டி.யில பத்து வருஷம்!

அதைவிடக் கூத்து, கடையைத் திறந்த தேதி. 2020 ஜூலை 20. தமிழுக்கு ஆடி 5. ஆடியில எவனாவது கல்யாணப் பத்திரிகைக் கடை திறப்பானா? நான் திறந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லலை, காலண்டரைக் கொண்டு வந்து மேஜையில வச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு மாசம் ஒரு போன் கூட வரலை. அந்த ஒரு மாசத்துலதான் இந்தத் தொழிலோட கணக்கு புரிஞ்சுது. ஆடி கிடையாது, மார்கழி கிடையாது, புரட்டாசி நம்ம பக்கம் நிறைய வீட்டுல கிடையாது. மிச்ச மாசத்துல வளர்பிறை முகூர்த்தமா பத்து நாள் தேறும், ஊர் மொத்தமும் அந்தப் பத்து நாள்லதான் விழும். மாச சம்பளத்துக்குப் பழகின உடம்புக்கு இது ரொம்ப நாள் ஒத்துக்கலை. பைக் தவணையை ரெண்டு தடவை சித்தப்பாதான் கட்டினார். அதாவது, யாரோட தொழிலுக்கு எதிரா கடை போட்டேனோ அவர்.

ஆவணியில இருந்து ஆர்டர் வர ஆரம்பிச்சுது. படம் 300, வீடியோ 1200. முதல் தலைவலி எழுத்துரு.

இங்கே இருக்குற பாதிப் பேர் திஸ்கி, யுனிகோடு சண்டையைப் பார்த்தவங்க. இ-கலப்பை போட்டுத் தட்டினவங்க, பொங்குதமிழ்ல ஒட்டி உருமாத்தினவங்க. அதெல்லாம் முடிஞ்சு போன கதைன்னுதான் நானும் நினைச்சேன். 2010 ஜூன்ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல அரசாங்கமே யுனிகோடைத் தரம்னு அறிவிச்சாச்சு. ஆனா பத்து வருஷம் கழிச்சும் சித்தப்பா கடைக்கு அந்தச் சேதி வந்து சேரலை. அவர் கம்ப்யூட்டர்ல இருக்குறதெல்லாம் பழைய டிடிபி எழுத்துரு. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை வச்ச சமாச்சாரம். அவர்கிட்ட இருந்து விவரத்தை வாங்கி என் கம்ப்யூட்டர்ல ஒட்டினா, மணமகள் பேர் இருக்குற இடத்துல அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா வரும்.

யுனிகோடுலயே பண்ணலாம்னா, கூகுள் இலவசமா வச்சிருக்குற கட்டமரன், மீரா இனிமை, முக்தா மலர், பாலூ தம்பி எல்லாம் அருமையான எழுத்துரு. எனக்குப் பிடிக்கும். கஸ்டமருக்குப் பிடிக்காது. "இது பேப்பர்ல வர்ற எழுத்து மாதிரி இருக்குண்ணே, கல்யாண எழுத்து இல்லையா?"ம்பாங்க. கல்யாண எழுத்துன்னா சிவகாசி கார்டுல வர்ற, வால் நீட்டி வளைஞ்ச எழுத்து. ஒரு எழுத்தோட வடிவம் இத்தனை பேர் மனசுல கல்யாணமா பதிஞ்சிருக்குன்னு அப்போதான் தெரிஞ்சுது.

ஐப்பசியில ஒரு வீடியோ. மண்டபம் கொடைரோட்டுல. அந்த ஊர் பேரைக் கொஞ்சம் எழுதிப் பாருங்க: கொ, டை, ரோ. மூணு எழுத்துலயும் கொம்பு முன்னாடி வரணும். டிசைன் பண்ற மென்பொருள்ல இந்திய மொழிக்குன்னு ஒரு அமைப்பு தனியா இருக்கு, அதை மாத்தலைன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், துணைக்கால் தனியா அனாதையா நிக்கும். படத்துல மாத்தியிருந்தேன், வீடியோவுல மறந்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சுக் கண்ணு சொருக அனுப்பிட்டேன். காலையில பார்த்தா அந்த வீட்டுக்காரர் இருநூறு பேருக்கு அனுப்பி முடிச்சிருக்கார். ஊர் பேர் மட்டுமில்லை, மாப்பிள்ளையோட தாத்தா பேரும் உடைஞ்சு கிடக்கு. அவர் அந்த வருஷம்தான் இறந்து போனவர். மாப்பிள்ளையோட அப்பா திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "எங்கப்பா பேரைக் கொஞ்சம் சரியா எழுதியிருக்கலாம் தம்பி"ன்னார். பணத்தைத் திருப்பிக் குடுத்தேன். அன்னையில இருந்து ஒரு வழக்கம்: அனுப்புறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட போனைக் குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுவேன். அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க புடிச்ச தப்புதான் அதிகம்.

ரெண்டாவது தலைவலி, பேர்கள். இதுதான் பெரிய மேட்டர்.

நம்ம பக்கத்துப் பத்திரிகையை எடுத்துப் பாருங்க. மேல "நிகழும் மங்களகரமான"ன்னு ஆரம்பிச்சு வருஷம், மாசம், திதி, நட்சத்திரம், லக்கனம். நடுவுல தாத்தா பாட்டி பேரோட மாப்பிள்ளை, பொண்ணு. அதுக்குக் கீழதான் சமாச்சாரமே. தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு தாய்மாமன்மார், சித்தப்பா பெரியப்பாமார், அத்தை மாமா, அண்ணன் தம்பி, மச்சான்மார், பேரன் பேத்திகள். நாப்பது பேர், அறுபது பேர். மாப்பிள்ளை பேர் கூட ஒரு தடவைதான் வாசிப்பாங்க. கீழ இருக்குற பட்டியலைப் பூதக்கண்ணாடி வச்சு வாசிப்பாங்க. யார் பேருக்கு முன்னாடி யார் பேர், யார் பேர் விட்டுப் போச்சு, யாருக்குப் படிப்பு போட்டிருக்கு, யாருக்குப் போடலை. சித்தப்பா சொல்லுவார், "கார்டு செலக்ட் பண்ண அரை நாள், பேர் பட்டியலுக்கு ஒன்பது நாள்."

என் வீடியோவுல இதுக்கு இடமே கிடையாது. வாட்ஸப் ஸ்டேட்டஸ் அப்போ 30 வினாடிதான். அதுக்குள்ள புள்ளையார் வரணும், பொண்ணு மாப்பிள்ளை போட்டோ வரணும், பூ உதிரணும், நாதஸ்வரம் ஒலிக்கணும், தேதி, மண்டபம், வழி. நான் பேர்களை எடுத்துட்டு "சுற்றமும் நட்பும்"னு ரெண்டு வார்த்தை போட்டேன். சுத்தமா, அழகா இருந்துச்சு. இளவட்டங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. வலைப்பக்கம் வேணும்னவங்களுக்குக் கீழே பட்டியல் முழுக்கப் போட்டேன், ஆனா யாரும் அந்த அளவுக்குக் கீழே இறங்கலை. எத்தனை பேர் கடைசி வரைக்கும் பார்த்தாங்கன்னு எனக்குக் கணக்கு தெரியும், அதைச் சொல்லி யார் மனசையும் நோகடிக்க வேண்டாம்.

பழையபடி சிறுமலைக்கு வர்றேன்.

2021 தை. என் கூடப்பிறந்த தங்கச்சிக்குக் கல்யாணம். அம்மா பிறந்த ஊர் சிறுமலை. பழையூர், புதூர், தென்மலைன்னு மலை மேல நாலா பக்கமும் சொந்தம். சொந்த மாமா ரெண்டு பேருக்கும் அப்பாவும் அம்மாவும் போய் முறைப்படி தட்டு வச்சு அழைச்சுட்டு வந்துட்டாங்க. மத்த வீடுகளுக்கு? கொரோனா பயம் இன்னும் போகலை. அப்பாவுக்கு சர்க்கரை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே போய், அங்கிருந்து தோட்டம் தோட்டமா நடக்கணும். இன்னமும் குதிரையில மூட்டை இறக்குற பாதைங்க அது. நான்தான் சொன்னேன்: "எதுக்கும்மா அலையிறீங்க, நான் வீடியோ அனுப்பிடுறேன். எல்லார் வீட்டுலயும் இப்போ போன் இருக்கு. மொத்த ஊரும் அப்படித்தான் பண்ணுது." அம்மா ரெண்டு தடவை "அது சரியா வருமா"ன்னு கேட்டாங்க. தொழில் பண்றவன் சொன்னா கேட்டுக்கணும்ல? கேட்டுக்கிட்டாங்க.

கல்யாணத்தன்னைக்குக் காலையில மண்டபத்து வாசல்ல ரெண்டு தார் மலை வாழைப்பழம் இறங்குச்சு. சிறுமலை வாழை தெரியும்ல? பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் குடுத்த பழம். எழுபதுகள்ல முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சு, அப்புறம் மெல்ல மெல்ல மீட்டெடுத்தது. புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. இப்பவும் நல்ல தார் அவ்வளவு லேசுல கிடைக்காது. பஸ்ல ஏத்தி விட்டிருக்காங்க, சீட்டு ஒண்ணும் இல்லை. யார் குடுத்ததுன்னு தெரியாம மொய் நோட்டுல எழுதவும் முடியலை. பந்தியில வச்சு எல்லாரும் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் கழிச்சு, மேலே இருந்து வந்த ஒரு அத்தை சொல்லித்தான் தெரிஞ்சுது. அம்மாவோட சித்தப்பா மகன், தென்மலை மாமா. நான் சின்னப் பையனா லீவுக்குப் போனா தோள்ல தூக்கிட்டு பலாப்பழம் பறிச்சுக் குடுக்குறவர். பழத்தை அனுப்பி விட்டுட்டு, ஆள் வரலை. அம்மா அன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் பேசலை. காலண்டர் கூட வைக்கலை.

மறுநாளே கிளம்பிட்டேன். வெத்தலை பாக்கு, பழம், பூ, சித்தப்பா கடையில மிச்சமிருந்த தங்கச்சியோட பத்திரிகை ஒண்ணு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி. முடிஞ்சு போன கல்யாணத்துக்குப் பத்திரிகை. செக்போஸ்ட் தாண்டி வளைவு ஏற ஏற போன்ல கோடு ஒண்ணொண்ணா குறைஞ்சுது. மாமா வீட்டுக்கிட்ட போறப்போ சுத்தமா இல்லை. அதைப் பார்த்ததும் ஒரு அல்ப சந்தோஷம், சிக்னல் இல்லாமதான் வீடியோ போய்ச் சேரலை, தப்பு என்னோடது இல்லைன்னு.

மாமா காப்பிக் கொட்டை காயப் போட்டுக்கிட்டிருந்தார். "வாங்க மாப்ளே"ன்னு எந்திரிச்சார். நான் வார்த்தை தேடுறதுக்குள்ள அவரே, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? பழம் பழுத்திருந்துச்சா, காயா இருந்துச்சா?"ன்னார்.

"ஏன் மாமா வரலை?"

"பையன் போன்ல பத்திரிகை பார்த்தேன்ப்பா. கீழே டவுனுக்குப் போனவன் அங்கே வாங்கிட்டு வந்து காட்டினான். பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு. பாப்பா போட்டோ நல்லா இருந்துச்சு." கொஞ்ச நேரம் கொட்டையைக் கிளறினார். "வீட்டுக்குத்தான் யாரும் வரலையே."

கோவமா சொல்லலை. வானம் மூடியிருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

நான் தட்டை நீட்டினேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையாலயும் வாங்கினார். பத்திரிகையை உடனே பிரிக்கலை. உள்ளே கொண்டு போய் சாமி படத்துக்கிட்ட வச்சுட்டு, பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். பெட்டி முழுக்கப் பத்திரிகை. எத்தனை வருஷத்து வீட்டு விசேஷமோ. அதுல இருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தார். ரோஸ் நிறத் தாள், ஒரே நிற அச்சு, மடிச்ச இடத்துல கிழிஞ்சு போய் சோத்தை வச்சு ஒட்டியிருக்கு. சித்தார்த்தி வருஷம். 1979. எங்கப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை. எங்க வீட்டுல கூட அது இல்லை.

ஈய எழுத்து கோத்து அடிச்சது. தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபர்லயே வந்தாச்சு. ஆனா எந்த அச்சுக்கூடத்துலதான் உடனே ஈயத்தை மாத்துவாங்க? "லை" எல்லாம் யானைத் தும்பிக்கையோட அப்படியே இருக்கு. சிறுமலைங்கிற பேரே தும்பிக்கையோட. நான் எழுத்துருவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன், மாமா விரலை வேற இடத்துல வச்சுக் காட்டினார். தங்கள் நல்வரவை விரும்பும். அதுக்குக் கீழே கடைசிக்கு முந்தின வரியில அவர் பேர்.

"அப்போ எனக்குப் பதினாறு வயசு. அச்சுல என் பேர் வந்தது இதுதான் முதல். உங்கம்மா சொல்லிப் போடச் சொன்னதாம்."

சாப்பிடாம விடலை. கிளம்புறப்போ ரெண்டு சீப்பு பழம் கட்டிக் குடுத்தார். கீழே இறங்குறப்போ எந்த வளைவுல சிக்னல் வந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் சித்தப்பா கடைக்குப் போய், ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவோம்னு சொன்னேன். அவர் பெருசா ஒண்ணும் சொல்லலை, "உன் கொம்பு காலெல்லாம் சரியா நிக்குதா இப்ப?"ன்னார். அன்னையில இருந்து வர்றவங்ககிட்ட நான் சொல்றது இதுதான்: நூறு இருநூறாவது காகிதத்துல அடிங்க, அதைக் கையில கொண்டு போங்க. நான் பண்றது, கொண்டு போய் வச்சு முடிச்ச பிறகு அனுப்புறதுக்கு. ஞாபகப்படுத்த, வழி காட்ட, துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருக்குறவங்களுக்கு நேரலை லிங்க் குடுக்க. இதனால என் வருமானம் கூடலை. வலைப்பக்கத்தை விட்டுட்டேன். வீடியோ ஆர்டர் சிலது கையை விட்டுப் போச்சு. "காகிதம் வேண்டாம்னுதானே உங்ககிட்ட வர்றோம்"னு எந்திரிச்சுப் போனவங்க உண்டு. அவங்க சொல்றதும் நியாயம்தான், எல்லார் வீட்டுலயும் அலையிறதுக்கு ஆள் இருக்கா என்ன?

இந்தத் தொழில்ல நம்ம ஊர்க்காரங்க பண்ணாத கூத்து இல்லை. அதே 2021 ஜனவரியில மதுரையில ஒரு வீட்டுல பத்திரிகையிலயே கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடை அச்சடிச்சு, வர முடியாதவங்க மொய்யை அதுல அனுப்பலாம்னு போட்டாங்க. நாடு முழுக்க செய்தியாச்சு. அடுத்த மாசமே என்கிட்ட பத்து பேர், "அண்ணே, அந்தக் கட்டம் வச்சுக் குடுங்க". வச்சுக் குடுத்தேன். ஒருத்தரோட தாத்தா அதைப் பார்த்துட்டு, "பத்திரிகையா, பில்லா?"ன்னு கேட்டாராம். 2022 பிப்ரவரி 6-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்துல தாலி கட்டின ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸ்ல வச்சாங்க. வந்தவங்க எல்லாம் பொம்மை உருவத்துல. நான் முதல்ல கிண்டல்தான் பண்ணினேன். அப்புறம் படிச்சா, இறந்து போன பொண்ணோட அப்பாவையும் ஒரு உருவமா பண்ணி, வந்து ஆசீர்வாதம் பண்ற மாதிரி வச்சிருக்காங்க. கொடைரோட்டுத் தாத்தா பேர் ஞாபகம் வந்துச்சு. கிண்டலை நிறுத்திக்கிட்டேன்.

2024-ல வேற மாதிரி ஒரு அடி. கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி வாட்ஸப்ல ஏபிகே கோப்பு அனுப்பி, அதைத் தொட்டா போன்ல இருக்குறதையெல்லாம் உருவுற மோசடி. அந்த நவம்பர்ல இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸ் எச்சரிக்கை விட்டாங்க, அது நம்ம ஊர் வரைக்கும் பரவிடுச்சு. அந்த சீசன்ல நான் அனுப்பின பத்திரிகையைப் பாதிப் பேர் திறக்கவே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போன் பண்ணி, "நீங்கதான் அனுப்பினீங்களா, தொடலாமா?"ன்னு கேட்டிருக்காங்க. படம், வீடியோ, பிடிஎஃப் தவிர எதுவும் அனுப்ப மாட்டேன், எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொன்னா அது நான் இல்லைன்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், தெரியாத நம்பர்ல இருந்து பத்திரிகை வந்தா தொடாதீங்க. இதுல ஒண்ணு கவனிச்சேன். ஏற்கனவே காகிதத்துல வாங்கின வீடுகள்ல இந்தச் சந்தேகமே வரலை. "அதான் பெரியவர் நேர்ல வந்துட்டுப் போனாரே"ன்னு திறந்துட்டாங்க.

இப்போ போன வார போனுக்கு வர்றேன். தென்மலை மாமாதான். பேத்திக்குக் கல்யாணம். சித்தப்பா கடையில 200 பத்திரிகை சொல்லியாச்சு. "மாப்ளே, உன்னோட வீடியோவும் ஒண்ணு வேணும். பாப்பா கேட்குது."

"பண்ணிடலாம் மாமா, காசெல்லாம் வேண்டாம்."

"காசு வாங்கிக்க. ஆனா ஒண்ணு. பேர் எல்லாம் அதுல வரணும்."

"எத்தனை பேர் மாமா?"

"அறுபத்து மூணு."

ஒரு பேருக்கு ஒரு வினாடின்னாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுது. மூணு நாளா உக்காந்து பார்க்குறேன். மேலே உருட்டி விட்டா சினிமா கடைசியில வர்ற மாதிரி இருக்கு, யார் பேரும் கண்ணுல நிக்கலை. சின்ன எழுத்தா போட்டா மலைக்காரங்க போன்ல தெரியாது. நேத்து ராத்திரி தோணுச்சு, எழுத்தா போடாம வாசிச்சா என்னன்னு. அம்மாவை உக்கார வச்சு மைக்கைக் குடுத்தேன். பின்னாடி நாதஸ்வரத்தைக் குறைச்சுட்டு, மலையோட படம் மட்டும் மெல்ல நகருது. அம்மா ஒவ்வொரு பேரா, முறை சொல்லி வாசிக்கிறாங்க. நாப்பதாவது பேர் கிட்ட இருமல் வந்துடுச்சு, மறுபடி முதல்ல இருந்து.

மொத்தம் ஓடுறது ரெண்டு நிமிஷம் பத்து வினாடி. ஸ்டேட்டஸ்ல வைக்க முடியாது. மாமாகிட்ட சொன்னேன். "அது என்னப்பா ஸ்டேட்டஸ்?"னார்.

அம்மா வாசிச்சு முடிச்சதும்தான் கவனிச்சேன், பட்டியல்ல அறுபத்து நாலு பேர் இருக்கு. கடைசியா சித்தப்பா கையெழுத்துல சேர்த்திருக்கு, என் பேர்.

டிஸ்கி: முகூர்த்தம் முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டேன். ஞாயித்துக்கிழமை மாமாவோட சேர்ந்து பத்திரிகை வைக்க ஆள் வேணுமாம். எட்டு வீடு, எல்லாம் சிக்னல் இல்லாத பக்கம்.